பரிசு வாங்கின மாணவர் ஓவியமெல்லாம் அப்புறம் எங்க போகுது?

கேள்வி இதான்: ஓவியக் கல்லூரில பரிசு ஜெயிச்ச படங்களை யாராவது பத்திரமா வச்சிருக்காங்களா, இல்ல ஏதோ ஒரு ரூம்ல தூசி படிஞ்சு கிடக்குமா?

வச்சிருக்காங்க. எனக்குத் தெரிஞ்சு நல்ல உதாரணம் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ், யூசிஎல்னு சொல்வாங்க. அங்க ஸ்லேட்னு ஒரு ஓவியப் பள்ளி 1871ல இருந்து நடக்குது, பீலிக்ஸ் ஸ்லேட்ங்கறவர் உயில்ல எழுதி வச்ச காசுல ஆரம்பிச்சது, முதல்ல இருந்தே பொண்ணுங்களையும் சேத்துக்கிட்டாங்க, அந்தக் காலத்துக்கு அது சாதாரண விஷயம் இல்ல. 1897ல இருந்து பரிசு வாங்கின படங்களை காலேஜே எடுத்து வச்சுக்கற வழக்கம் வந்துச்சு. பரிசுகள்ல பெருசு சம்மர் காம்போசிஷன். லீவுக்கு முன்னாடி தலைப்பு குடுத்துடுவாங்க, லீவுல உக்காந்து வரைஞ்சுட்டு வரணும்.

1898ல பரிசு வாங்கினது அகஸ்டஸ் ஜான், படம் பேரு 'மோசேயும் வெண்கலப் பாம்பும்'. 1912ல ஸ்டான்லி ஸ்பென்சர், படம் 'இயேசு பிறப்பு'. எனக்கு ரொம்பப் பிடிச்சது இதான். அப்ப அவருக்கு 21 வயசு, குக்கம்ங்கற கிராமத்துல இருந்து தினம் ரயில்ல வந்து போன பையன். நடுவுல மாதா தொட்டில் பக்கத்துல நிக்கறாங்க, யோசேப்பு பாட்டுக்கு வலது ஓரத்துல ஒரு மரத்துகிட்ட ஏதோ பண்ணிட்டிருக்கார், இன்னொரு பக்கம் ஒரு ஜோடி கட்டிப்பிடிச்சு நிக்குது! இயேசு பிறந்ததை ஊரே கண்டுக்காத மாதிரி.

அதே ஸ்லேட்ல படிச்ச வினிஃப்ரெட் நைட்ஸ் கதை வேற. 1917 ஜனவரில லண்டன் சில்வர்டவுன்ல வெடிமருந்து ஆலை வெடிச்சதைப் பாத்து மனசு உடைஞ்சு படிப்பை விட்டுட்டு கிராமத்துக்குப் போயிட்டாங்க, 1918ல திரும்பி வந்தாங்க, 1919ல கிராமத்துத் தெருவுல மில் தொழிலாளிங்க நின்னு பேசற படத்துக்கு பரிசைப் பகிர்ந்துக்கிட்டாங்க. அடுத்த வருஷமே ரோம்ல போய் ஓவியம் படிக்கற ரோம் ஸ்காலர்ஷிப், அலங்கார ஓவியத்துல அதை வாங்கின முதல் பொண்ணு. 1947ல இறந்தப்பறம் உலகம் மறந்துடுச்சு, பெரிய கண்காட்சி வைக்கவே 2016 ஆச்சு. காலேஜ் மட்டும் அவங்க படத்தை அத்தனை வருஷமும் வச்சிருந்துச்சு பாருங்க. அதனாலதான் இந்த மாதிரி சேகரிப்பு மேல எனக்கு மரியாதை, ஏலத்துல பேர் பாத்து வாங்கினது இல்ல, யார் பெரிய ஆளா வருவாங்கன்னு தெரியாத காலத்துலயே உள்ள வந்த படங்க. 1954ல பரிசைப் பகிர்ந்துக்கிட்ட பவுலா ரேகோவுக்கும் (பின்னாடி பெரிய ஓவியரா ஆனவங்க) அப்ப 19 வயசுதான். பேரே கேள்விப்படாத ஆளுங்களும் இதுல நிறைய, அதையும் பாக்கணும்.

பரிசுப் படங்க மட்டும் இல்ல, மொத்தம் 10,000க்கு மேல இருக்கு, பழைய டச்சு ஓவியர் ரெம்ப்ராண்டோட அச்சு ஓவியம் எல்லாம் உண்டு.

லண்டன் போனா, காலேஜோட ஓவிய மியூசியம் கோவர் தெருவுல இருக்கு, திறந்திருக்கான்னு பாத்துட்டுப் போங்க. போக முடியாதவங்க ஆர்ட் யூகே தளத்துல பெயிண்டிங் எல்லாம் ஃப்ரீயா பாக்கலாம், ஸ்பென்சர் பேரைப் போட்டுத் தேடுங்க.