எடையைக் குறைத்துவிட்டுக் கருத்தரிப்பதா, கருத்தரித்த பிறகு பார்த்துக்கொள்வதா?

கேள்வி: எனக்கு வயது 28. உயரம் 155 செ.மீ., எடை 72 கிலோ. மாதவிலக்கு 40, 45 நாளுக்கு ஒருமுறைதான் வருகிறது. முதலில் எடையைக் குறைக்கச் சொல்கிறார் டாக்டர். மாமியாரோ, "உண்டானா எப்படியும் எடை ஏறத்தானே போகுது, இப்ப எதுக்குப் பட்டினி?" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: டாக்டர் பேச்சைத்தான். ஆனால் பட்டினி வேண்டாம் என்பதில் உங்கள் மாமியார் சொல்வது முழுக்கச் சரி.

உங்கள் உயரம் மீட்டரில் 1.55. 1.55-ஐ 1.55-ஆல் பெருக்கினால் 2.40. உங்கள் எடையை அதால் வகுத்தால் 30. உயரத்துக்கேற்ற எடையா என்று காட்டும் இந்த எண்தான் உங்கள் பி.எம்.ஐ. நம் நாட்டவருக்கு 23-ஐத் தொட்டாலே அதிக எடை, 25 என்றால் உடல்பருமன்.

கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இது உண்டு. கணையம் கூடுதலாகச் சுரந்து சமாளித்துவிடும். உடலில் கொழுப்பு அதிகமிருந்தால் கர்ப்பத்துக்கு முன்பே இன்சுலின் திணறிக்கொண்டிருக்கும். அங்கேதான் கர்ப்பகாலச் சர்க்கரை தொடங்குகிறது. தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும், இன்சுலின் போகாது. அதனால் குழந்தையின் கணையமே அதிகமாகச் சுரக்கும். குழந்தை பருத்து, பிரசவத்தில் தோள் சிக்கலாம். தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்றுவிடும். சுரந்த இன்சுலினோ மிச்சமிருக்கும். பிறந்த சில மணி நேரத்திலேயே குழந்தைக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது இதனால்தான். இரத்தக்கொதிப்பு, சிசேரியன், தையல் போட்ட இடத்தில் சீழ், காலில் இரத்தம் உறைதல் ஆகியவற்றுக்கும் வாய்ப்பு கூடும். கூடும் என்றுதான் சொல்கிறேன். எல்லோருக்கும் வந்தே தீரும் என்பதில்லை.

நீங்கள் 55 கிலோவுக்கு இறங்க வேண்டியதில்லை. 5 முதல் 10 சதவீதம், அதாவது 4 முதல் 7 கிலோ குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது. மாதம் 2 கிலோ போதும். சாயங்காலத் தட்டுவடை செட்டை வாரத்தில் ஒருநாளோடு நிறுத்துங்கள். ஜவ்வரிசி லேசான உணவு என்று நம் ஊரில் பலர் டயட்டுக்குச் சாப்பிடுகிறார்கள். அது மரவள்ளி மாவுச்சத்து, புரதமோ நார்ச்சத்தோ இல்லையென்றே சொல்லலாம். அதற்குப் பதில் சுண்டல், முட்டை, கீரை. வாரம் 5 நாள், அரைமணி நேரம் வேக நடை.

எடை குறையக் குறைய, நீங்கள் எதிர்பாராத மாதத்திலேயே கரு நிற்கலாம். குழந்தையின் மூளை, தண்டுவடத்துக்கான குழாய் கருவான 28 நாளுக்குள் மூடிவிடும். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருபவருக்கு அப்போது சந்தேகமே வராமல் போகலாம். ஆகவே ஃபோலிக் அமிலத்தை இப்போதே தொடங்குங்கள். வழக்கமான அளவு 400 மைக்ரோகிராம், உங்கள் பி.எம்.ஐ.க்கு 5 மில்லிகிராம் தேவைப்படலாம், டாக்டரிடம் கேளுங்கள். கூடவே தைராய்டு, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, இரத்த அழுத்தம் மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

கரு நின்றபின் எடை குறைக்கும் முயற்சியே கூடாது. மொத்தம் 5 முதல் 9 கிலோ ஏறலாம். முதல் பரிசோதனையிலேயே 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, 2 மணி நேரம் கழித்துச் சர்க்கரை பார்ப்பார்கள். 140-க்குக் கீழ் இருந்தாலும் 24 - 28 வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

கேள்வி: காபித் தோட்டத்தில் வேலை செய்கிறேன். வயது 22, உயரம் 148 செ.மீ., எடை 38 கிலோ. ஒல்லியானவர்களுக்குப் பிரசவம் சுலபம் என்கிறார்களே?
- வாசகி, நாகலூர், ஏற்காடு

பதில்: அப்படி நம்பி இருந்துவிடாதீர்கள் அம்மா. உங்கள் பி.எம்.ஐ. 17-ஐச் சற்றே தாண்டுகிறது, 18.5 இருக்க வேண்டும். இப்படியே கருத்தரித்தால் குறைப்பிரசவமும், 2.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தையும் வர வாய்ப்பு அதிகம். 3 கிலோ ஏறினால் போதும். தினம் ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ராகிக் களியோடு தட்டைப்பயறுக் குழம்பு. சாப்பாட்டோடு காபி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழ் இருந்தால் இரும்புச்சத்து மாத்திரையும், கருத்தரிக்கும் முன்பே குடற்புழு மாத்திரையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.