நின்னுக்கிட்டு வாசிக்கிற பேஸ் வாங்கலாமா?

கேள்வி: அண்ணே, ஆறு வருசமா கல்யாண பேண்ட்ல எலக்ட்ரிக் பேஸ் வாசிக்கிறேன், இப்ப பெரிய வயலின் மாதிரி ஆள் உயரத்துக்கு நிக்கிற அப்ரைட் பேஸ் மேல ஆசை வந்துருச்சு. கை பழகுமா? நம்ம ஊரு ஈரத்துக்கு மரம் தாங்குமா?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: விட்டுறாதீங்க தம்பி! அத நெஞ்சோட சாச்சு ஒரு தடவ கம்பிய இழுத்துப் பாருங்க, சத்தம் காதுக்கு வர்றதுக்கு முன்னாடி உடம்புக்குள்ள இறங்கும், அந்த சுகம் வேற. நாலு கம்பிக்கும் சுருதி ரெண்டுலயும் ஒண்ணுதான், இ ஏ டி ஜி, அதனால தெரிஞ்ச பாட்டெல்லாம் கூடவே வரும், ஆனா கைக்கு புது வேலை, எலக்ட்ரிக்ல கம்பி நீளம் வழக்கமா 34 இஞ்ச், அப்ரைட்ல முக்கால் சைஸ்னு சொல்றதே 41, 42 வரும், சுருதிக்கு இடம் காட்ட கழுத்துல குறுக்க பதிச்சிருக்கிற உலோகக் கம்பி, அதான் ஃப்ரெட், அதுவும் கிடையாது, விரல் லேசா நகந்தாலும் சுருதி போயிரும். ஃபெண்டர் கிட்டார் கம்பெனி 1951ல கொண்டாந்த எலக்ட்ரிக் பேஸுக்கு பிரிசிஷன், அதாவது துல்லியம்னு பேரு வந்ததே ஃப்ரெட் இருந்ததாலதான்.

அமெரிக்காவோட மோடவுன் இசைத்தட்டு கம்பெனி பாட்டுகளுக்கு பேஸ் வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சன் அப்ரைட்ல தொடங்கி எலக்ட்ரிக்குக்கு வந்தவரு, வலது கையில ஒரே ஆள்காட்டி விரல வச்சே அவ்வளவும் வாசிச்சாரு, எனக்கு இன்னமும் அது ஆச்சரியம்தான்.

மரத்துக்கு வர்றேன். மொத தடவைன்னா பிளைவுட் பாடி வாங்குங்க, ஈரத்துக்கும் ஏர்கானுக்கும் மாறி மாறி போனா முழுப் பலகையில விரிசல் விடும். மழை நாள்ல மேல்பலகை உப்பி கம்பி உயரும், அதனால கம்பியத் தாங்குற மரத்துண்டு, அதான் பிரிட்ஜ், அதுல ஏத்தி இறக்குற திருகு இருக்கான்னு பாருங்க. முக்கியமா எல்லாக் கம்பியையும் ஒரே நேரத்துல தளத்தாதீங்க, உள்ள மேல்பலகைக்கும் பின்பலகைக்கும் நடுவுல நிக்கிற சின்ன மரக்குச்சி, சவுண்ட்போஸ்ட், விழுந்துரும்.