தாத்தாவின் பத்மினிக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு 24 வயது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 36,000 ரூபாய். வீட்டுக்கு 10,000 அனுப்புகிறேன். அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்துக்கு 11,000 ஆகிறது. வங்கியில் 1,60,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். தருமபுரி பக்கம் எங்கள் ஊரில், தாத்தா 1979இல் வாங்கிய பிரீமியர் பத்மினி கார் பதின்மூன்று ஆண்டுகளாக மாட்டுக்கொட்டகையில் நிற்கிறது. தாத்தா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழ் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது, 2014இல் காலாவதியாகிவிட்டது. பாட்டி இருக்கிறார், அப்பாவுடன் பிறந்த அத்தைகள் இருவர். 3 லட்சம் கொடுத்தால் ஆறு மாதத்தில் புதிது போல ஆக்கித் தருவதாக ஒரு மெக்கானிக் சொல்கிறார். எஞ்சினைக் கழற்றிவிட்டு வேறு புதிய எஞ்சின் வைக்கலாம் என்பது அவர் யோசனை. 14 சதவீத வட்டியில் மூன்று ஆண்டுத் தனிநபர் கடன் தர வங்கி தயாராக இருக்கிறது. பழைய கார் நல்ல முதலீடு என்கிறார்கள் நண்பர்கள். எடைக்குப் போட்டுவிடு என்கிறார் அப்பா. என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அப்பா சொன்னதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். எடைக்குப் போடாதீர்கள். போட்டால் கிடைப்பது இரும்பு விலை, அதைத் திரும்பப் பெறவும் முடியாது. கொட்டகையில் நிற்பதால் இன்று உங்களுக்குச் செலவு ஏதுமில்லை. எனவே இந்த முடிவை அவசரப்பட்டு எடுக்க வேண்டிய கட்டாயம் உங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

நண்பர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. பத்மினி அரிய வண்டி அல்ல. ஃபியட் 1100 டிலைட் என்ற பெயரில் 1960களில் மும்பை குர்லா தொழிற்சாலையில் தொடங்கி, பெயர் மாறி, அடிப்படை அமைப்பு பெரிதாக மாறாமல் 2000ஆம் ஆண்டு வாக்கில் நிற்கும்வரை ஓடிய உற்பத்தி அது. எண்ணிக்கையில் நிறைய இருக்கும் ஒரு பொருளின் விலை, அபூர்வப் பொருளின் விலையைப் போல ஏறாது. விளம்பரங்களில் பெரிய தொகைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை விற்பவர் கேட்கும் விலை. வாங்குபவர் கொடுத்த விலை யார் கண்ணிலும் படுவதில்லை. பத்மினியை முறையாகச் சீரமைக்கும் செலவு, சீரமைத்த வண்டியின் விற்பனை விலையைத் தாண்டிவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் பார்த்தவரை அப்படித்தான் நடந்திருக்கிறது.

அப்படியானால் வேண்டாம் என்று சொல்கிறேனா? இல்லை. என் சின்ன வயதில் எங்கள் தெருவில் ஒரு ஃபியட் இருந்தது. ஸ்டியரிங் தண்டிலேயே கியர் போடும் அந்த அழகைப் பார்ப்பதற்காகவே முன் இருக்கைக்குச் சண்டை போட்டிருக்கிறோம். பணம் கட்டிப் பல ஆண்டுகள் காத்திருந்து கார் வாங்கிய காலத்தில் உங்கள் தாத்தா அதை வாங்கியிருக்கிறார். அதை மறுபடி ஓட வைக்கப் பேரன் ஆசைப்படுவது நியாயமான ஆசை. திருமணம், வீடு, சுற்றுலா போல இதுவும் ஒரு செலவு. செலவு என்று ஒப்புக்கொண்டுவிட்டால், அதைக் கடனில் செய்யக்கூடாது என்பதும் தானாக விளங்கிவிடும்.

கணக்கைப் பாருங்கள். 3 லட்சம், 14 சதவீதம், 36 மாதம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 10,250 ரூபாய். வட்டி மட்டும் 69,000 ரூபாய். செலவெல்லாம் போக உங்கள் கையில் மாதம் மிஞ்சுவது 15,000. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மூன்று ஆண்டுகளுக்குப் போய்விடும். ஆறு மாதத்தில் முடிப்பதாக மெக்கானிக் சொன்ன வேலை பதினெட்டு மாதம் இழுத்தாலும் தவணை நிற்காது.

எனக்கு வட்டியைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் என்னிடம் வந்தார். அவருடையது அம்பாசடர். கடன் வாங்கி, ஒரே மூச்சில் வண்டியை முழுதாகப் பிரித்துவிட்டார்கள். பிரித்த பிறகுதான் தரைத் தகடு முழுவதும் துரு தின்றிருப்பது தெரிந்தது. மதிப்பீடு இரட்டிப்பானது, பணம் தீர்ந்தது, பட்டறைக்காரர் அடுத்த வேலைக்குப் போய்விட்டார். கதவு ஓரிடம், எஞ்சின் ஓரிடம் என்று இரண்டு ஆண்டு கிடந்த வண்டியை உதிரிகளாக விற்றுத்தான் கடனின் ஒரு பகுதியை அடைத்தார். முழுதாக நிற்கும் பழைய வண்டிக்கு ஒரு விலை உண்டு. பிரித்துப் போட்ட வண்டிக்குப் பேரம் பேசக்கூட யாரும் வருவதில்லை. அவரிடம் ஆர்வத்துக்கும் குறைவில்லை, திறமைக்கும் குறைவில்லை. வேலையின் வரிசைதான் தவறாகிவிட்டது.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் ஒரே விதி: ஒவ்வொரு கட்டமும் முடியும்போது வண்டி ஒரு முழு வண்டியாக நிற்க வேண்டும். கையில் இருக்கும் பணத்துக்குள் முடிகிற வேலையை மட்டும் திறங்கள். அதை மூடிய பிறகு அடுத்ததைத் திறங்கள்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் காகிதம். ஆர்.சி. தாத்தா பெயரில் இருப்பதால், சட்டப்படி கார் அவருடைய வாரிசுகள் அனைவருக்கும் உரியது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின்படி பாட்டி, அப்பா, இரண்டு அத்தைகள் என எல்லோருக்கும் பங்கு உண்டு. துருப்பிடித்துக் கிடக்கும்போது யாரும் கேட்க மாட்டார்கள். பளபளவென்று நிற்கும்போது, உங்கள் உழைப்பும் பணமும் அதில் போன பிறகு, யாராவது ஒருவர் கேட்டால் என்ன செய்வீர்கள்? இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் அலுவலகத்தில் பெறும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் ஆகியவற்றோடு படிவம் 31 கொடுத்து, முதலில் அப்பா பெயருக்கு மாற்றுங்கள். பிறகு அவரிடமிருந்து உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளலாம். பாட்டியிடம் நேரில் உட்கார்ந்து சொல்லி, அவர் மனமார ஒப்புக்கொண்ட பிறகு கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்தது பதிவைப் புதுப்பிப்பது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கட்டணத்தை உயர்த்தியது. 20 ஆண்டுகளைத் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய். தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் கூடுதல். உங்கள் ஆர்.சி. 2014இலேயே முடிந்துவிட்டதால், தாமதக் கட்டணத்தை எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவார்கள் என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பசுமை வரியும் உண்டு. அதே நாளில் இன்னொன்றையும் கேளுங்கள்: இந்தப் பழைய எண் கணினிப் பதிவில் இருக்கிறதா? இல்லையென்றால், பழைய பதிவேட்டிலிருந்து எடுத்து ஏற்றினால்தான் மற்ற வேலை எதுவும் நகரும். இதற்குச் சில மாதங்கள் ஆகலாம். ஆகட்டும், அந்த மாதங்களில் உங்கள் பணம் சேரும்.

புதுப்பிக்கும்போது ஆய்வாளர் வண்டியின் உடலில் பொறித்திருக்கும் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பார்ப்பார். டிங்கரிங், அதாவது தகட்டு வேலை செய்பவர், துருப்பிடித்த தகட்டை வெட்டும்போது அந்த எண்ணையும் சேர்த்து வெட்டிவிட்டால் வண்டியின் அடையாளமே போய்விடும். வேறு எஞ்சின் வைக்கும் யோசனையை இப்போதே கைவிடுங்கள். முன் அனுமதி இல்லாமல் எஞ்சினை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுக்கு எதிரானது. அதோடு, இந்த வண்டிக்கு என்றாவது ஒரு நல்ல விலை கிடைக்கும் என்றால், அது 1,089 சிசி மூல எஞ்சினோடு இருந்தால்தான்.

2021இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளைப் பற்றியும் நண்பர்கள் சொல்வார்கள். அவை 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு. உங்கள் கார் 2029இல்தான் அந்த வயதைத் தொடும். அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் பயணத்துக்கு எடுக்க முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். ஞாயிற்றுக்கிழமை பாட்டியை உட்கார வைத்து ஒகேனக்கல் போய்வர ஆசை இருந்தால் சாதாரணப் பதிவே போதும்.

இனி பணம். உங்கள் 1,60,000இல் ஒரு லட்சத்தைத் தொடவே கூடாது. வேலை போனால் வீட்டுக்கும் உங்களுக்குமாக மாதம் 21,000 வேண்டும். நாலு மாதத்துக்கு மேல் தாங்கும் தொகை அது. மிச்சம் 60,000தான் காரின் முதல் முதலீடு. மாதம் மிஞ்சும் 15,000இல் 7,000ஐ வண்டிக்கென்று தனிக் கணக்கில் போடுங்கள். 5,000 நீண்ட காலச் சேமிப்புக்குப் போகட்டும். 3,000இல் பெற்றோருக்கும் உங்களுக்கும் மருத்துவக் காப்பீட்டைத் தொடங்குங்கள். அப்பாவுக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் முதலில் நிற்பது கார் வேலைதான். ஆகவே இந்தக் காப்பீடும் காருக்கான செலவுதான் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இந்தக் கணக்கில் மூன்று ஆண்டுகளில் வண்டிக்கு 3,12,000 ரூபாய் சேரும். தீபாவளி போனஸில் பாதியையும் சேர்த்தால் இன்னும் வசதி. மெக்கானிக் சொன்ன 3 லட்சத்தை நான் நாலரை லட்சம் என்றுதான் படிப்பேன். போனஸைச் சேர்க்காமல் பார்த்தால் அதற்கு ஏறக்குறைய நாலே முக்கால் ஆண்டு ஆகும். உங்கள் வயதில் அது பெரிதல்ல.

அந்த 60,000ஐ எதில் போடுவது? பெரும்பாலோர் பெயிண்டில் தொடங்குகிறார்கள். கண்ணுக்குத் தெரியும் மகிழ்ச்சி அதில்தான் முதலில் கிடைக்கிறது. ஆனால் பெயிண்ட் கடைசி வேலை. பத்மினிக்குத் தனிச் சேசிஸ் சட்டகம் கிடையாது. உடலும் தரையும் சேர்ந்ததுதான் அதன் எலும்பு. தரைத் தகடும் கதவுக்கு அடியில் ஓடும் பகுதியும் துருப்பிடித்திருந்தால் அது வண்டியின் பலத்தையே பாதிக்கும். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை உடல் முழுக்க நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடங்களில் தகட்டுக்குப் பதில் பள்ளத்தை நிரப்பப் பூசிய பட்டிதான் இருக்கிறது. அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் படம் எடுத்துக்கொண்டு, அதன் பிறகு டிங்கரிங் விலை பேசுங்கள். மெக்கானிக்கின் 3 லட்சத்தில் இது எவ்வளவு என்று தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரு தொகை சொல்பவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

முதல் கட்டத்தில் வண்டி ஓடவும் நிற்கவும் வேண்டும். பதின்மூன்று ஆண்டு சுற்றாத எஞ்சினைப் பேட்டரி கொடுத்து உடனே சுற்ற வைக்காதீர்கள். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாட்கள் ஊறவைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் பெரிய செலவு ஒன்று குறைய வாய்ப்புண்டு. பிரேக்கில் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ரப்பர் குழாய்கள் என எல்லாவற்றையும் மாற்றுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். பெட்ரோல் டேங்கைச் சுத்தம் செய்து, எரிபொருள் குழாய்களையும் புதிதாகப் போடுங்கள். இன்று பெட்ரோல் பங்குகளில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். 1979ஆம் ஆண்டு ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. டிப்ளமோ படித்திருக்கிறீர்கள், கழற்றிச் சுத்தம் செய்து மாட்டும் வேலையில் பாதியை நீங்களே செய்யலாம். கழற்றும் ஒவ்வொரு போல்ட்டையும் பெயர் எழுதிய பையில் போட்டு வையுங்கள்.

மெதுவாகச் செலவு செய்யச் சொல்லும் நான் ஒன்றை மட்டும் சீக்கிரம் வாங்கச் சொல்வேன். பத்மினியின் உதிரிகள் இத்தனை காலம் எளிதாகக் கிடைத்ததற்கு மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சிகள் முக்கியக் காரணம். அந்த டாக்சிகளில் கடைசி பத்மினியும் 2023 அக்டோபரோடு ஓய்வு பெற்றுவிட்டது. தேவை குறைந்த பொருளைக் கடைக்காரர்கள் நெடுநாள் அடுக்கி வைக்க மாட்டார்கள். கண்ணாடி ரப்பர், விளக்கு மூடி, கதவுக் கைப்பிடி, குரோம் பட்டை போன்றவற்றைச் சென்னை புதுப்பேட்டையிலும் வேறு ஊர்களிலும் கண்ட இடத்தில் வாங்கி வையுங்கள். எஞ்சின் வேலையைச் சிலிண்டரைக் கடைந்து சரிசெய்யும் போரிங் பட்டறையும் லேத்தும் பார்த்துக்கொள்ளும். ஒரு பின்விளக்கு மூடியை லேத்தில் கடைய முடியாது.

காப்பீட்டில், 1000 முதல் 1500 சிசி வரையிலான தனியார் கார்களுக்கு மூன்றாம் நபர் பிரீமியம் 2022 ஜூனில் ஆண்டுக்கு 3,416 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. இது இல்லாமல் சாலையில் இறக்கவே கூடாது. வண்டி முடிந்த பிறகு முழுக் காப்பீடு எடுப்பதானால், ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட காரின் மதிப்பை நீங்களும் நிறுவனமும் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும். அன்றைக்கு உங்கள் ரசீதுகள்தான் பேசும். ஐம்பது ரூபாய் வாஷருக்கும் ரசீது வாங்கி வையுங்கள்.

வரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் கார் வருமான வரிச் சட்டத்தில் மூலதனச் சொத்தாகக் கருதப்படுவதில்லை. என்றாவது விற்று லாபம் வந்தாலும் மூலதன ஆதாய வரி கிடையாது. ஆனால் இதில் ருசி கண்டு வரிசையாக வாங்கிச் சீரமைத்து விற்கத் தொடங்கினால் அது தொழில் வருமானமாகிவிடும்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். சேசிஸ் எண்ணின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக்கொள்ளுங்கள். வண்டியைத் தார்ப்பாயால் இறுக மூடியிருந்தால் எடுத்துவிட்டுக் காற்றோட்டம் கொடுங்கள். ஈரம் உள்ளேயே தங்குவதால்தான் துரு வேகமாகப் பரவுகிறது. முடிந்தால் மாடுகளிடமிருந்து தள்ளி நிறுத்துங்கள், கோமியத்தின் ஈரம் இரும்புக்கு ஆகாது. பொங்கலுக்கு அத்தைகள் இருவரும் வீட்டுக்கு வருவார்கள் அல்லவா? வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்தை அதற்குள் கொடுத்துவிட்டால், ஆட்சேபனை இல்லாக் கடிதத்தில் அந்த மூன்று நாட்களிலேயே கையெழுத்து வாங்கிவிடலாம்.