பழைய டிராக்டர் சீட்: மாற்றணுமா, சரி பண்ணலாமா?

கேள்வி: மாந்தோப்பு உழுவதற்கு அப்பா காலத்து சின்ன டிராக்டர் ஒன்று வைத்திருக்கிறோம், 18 குதிரைத்திறன். சீட் இடது பக்கமாகத் தொங்குகிறது, ஒரு மணி நேரம் ஓட்டினால் இடுப்பு விட்டுப் போகிறது. முழு சீட்டையும் மாற்றச் சொல்லி 6,500 ரூபாய் கேட்கிறார்கள். மாற்றலாமா? (காவேரிப்பட்டணம்)

பதில்: பணத்தை எடுக்கும் முன்னால் சீட்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள். டிராக்டரில் பின் அச்சுக்கு ஸ்பிரிங் கிடையாது. உழவுக் கட்டியின் மேல் சக்கரம் ஏறினால் அந்த அடியைத் தாங்க டயரும் சீட்டும் மட்டும்தான் இருக்கின்றன, அதனால்தான் சீட் கெட்டால் நேராக இடுப்பில் வந்து இறங்குகிறது.

ஒரே பக்கமாகச் சாய்கிறது என்றால் பெரும்பாலும் மெத்தை காரணமாக இருக்காது. சீட்டைக் கழற்றித் தரையில் வையுங்கள். தகடு நேராக இருந்து மேலே மட்டும் குழி விழுந்திருந்தால் ஃபோம் செத்துவிட்டது. தகடே கோணியிருந்தால் போல்ட் துளையைச் சுற்றி விரிசல் இருக்கும், மண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அடுத்து இரண்டு ஸ்பிரிங்கையும் கழற்றிப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒன்று குட்டையாக இருந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள், ஒன்றை மட்டும் மாற்றினால் மறுபடி சாயும். ஸ்பிரிங் நன்றாக இருக்கிறதா, அப்படியானால் கீல் பின்னையும் அதைச் சுற்றியிருக்கும் புஷ் வளையத்தையும் ஆட்டிப் பாருங்கள். புஷ் தேய்ந்திருந்தால் லேத் பட்டறையில் ஒரு மணி நேர வேலை.

தகட்டு விரிசலுக்கு அடியில் ஒரு துண்டுத் தகடு வைத்து வெல்டிங் அடிக்கலாம், தப்பில்லை. ஆனால் ஸ்பிரிங்கிலோ, பழைய வண்டிகளில் சீட்டைத் தாங்கும் வளைந்த பட்டையிலோ வெல்டிங் வைக்க விடாதீர்கள். அது ஸ்பிரிங் எஃகு. சூடு பட்டால் பதம் போய்விடும், ஒட்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே ஒருநாள் படக்கென்று முறியும், அன்று நீங்கள் ஓடும் வண்டியில் உட்கார்ந்திருப்பீர்கள். சூடு காட்டி இழுத்து நீளமாக்கித் தருகிறேன் என்பவரிடமும் கொடுக்க வேண்டாம். வாஷர் அடுக்கி உயர்த்துவதும் உயரத்தைத்தான் தரும், ஸ்பிரிங்கின் பலத்தைத் தராது.

ஃபோம்தான் போயிருந்தால் தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ சீட் தைக்கும் கடையில் கீழே ரீபாண்ட் (துண்டு ஃபோமை அழுத்தி ஒட்டிய கெட்டி ஃபோம்), மேலே 40 டென்சிட்டி ஃபோம் என்று கேட்டுப் போடச் சொல்லுங்கள். தகட்டில் தண்ணீர் வடிய ஒரு துளை இருக்கட்டும், மழையில் நனைந்த ஃபோம் உள்ளேயே ஊறித் தகட்டையும் தின்றுவிடும். இதெல்லாம் சேர்ந்தாலும் அவர்கள் கேட்ட 6,500-இல் பாதி ஆகாது.

கேள்வி: ஆன்லைனில் 899 ரூபாய்க்கு டிராக்டர் சீட் கவர் வருகிறது. தொங்கல் சரியாகுமா? (சூளகிரி)

பதில்: ஆகாது. வாங்காதீர்கள்.

கேள்வி: சேலத்தில் ஒரு கடையில் ஒரிஜினல் என்று சொல்லி 4,800 ரூபாய்க்கு சீட் கொடுத்தார்கள். மூன்றே வாரத்தில் அடி ஸ்பிரிங் உடைந்துவிட்டது. வீட்டுக்காரர் கொண்டுபோய்க் காட்டினால் எங்கள் கடைப் பொருளே இல்லை என்கிறார்கள். பில் வாங்கவில்லை, ஜிபேயில் பணம் போட்டோம். (பென்னாகரம்)

பதில்: அம்மா, உங்கள் மேல் தப்பில்லை, இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பில் கேட்டால் ஜி.எஸ்.டி. தனியாகக் கட்டணும் என்று சொல்லி வாயை அடைத்திருப்பார்கள். எனக்கு ஆகவே ஆகாத விஷயம் இது. ஜி.எஸ்.டி. பதிவு செய்த கடை 200 ரூபாய்க்கு மேல் விற்றால் பில் கொடுத்தாக வேண்டும், அதை ஏதோ சலுகை மாதிரி “பில் போடவா, வேண்டாமா” என்று கேட்கவே கூடாது. பில் இல்லாமல் வாங்கினால் மிச்சமாகும் நூறு இருநூறு நமக்கு லாபம் என்று தோன்றும். உண்மையில் பொருள் கெட்ட அன்று “எங்கள் பொருளே இல்லை” என்று சொல்லும் உரிமையைத்தான் அவர்கள் அந்த விலைக்கு வாங்கிக்கொள்கிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பில் தராததையே நியாயமற்ற வணிக நடைமுறை என்கிறது. பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அதே கணக்குதான்.

உங்கள் ஜிபே பதிவே பணம் போனதற்குச் சாட்சி, அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள். உடைந்த ஸ்பிரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள், கடையிலும் கொடுத்துவிட வேண்டாம். நடந்ததை ஒரு பக்கம் எழுதி, 15 நாளில் பணம் வேண்டும் என்று பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் போன் செய்து புகாரைப் பதியுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை சேலத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் தர்மபுரியிலேயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. விவசாயத்துக்கு வாங்கியது, நீ நுகர்வோரே இல்லை என்று யாராவது மிரட்டினால் பயப்படாதீர்கள். விதை வாங்கிய விவசாயிகள் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-லேயே சொல்லிவிட்டது, பிழைப்புக்காக வாங்கிய உங்களுக்கும் அந்த நியாயம் பொருந்தும். எங்கே முட்டினாலும் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

கேள்வி: போச்சம்பள்ளி பக்கம் புரோக்கர் மூலம் 1,40,000 கொடுத்துப் பழைய டிராக்டர் வாங்கினேன். ஆர்.சி. பிறகு தருகிறேன் என்றார், நான்கு மாதமாகிறது. சீட்டும் பள்ளமாக இருக்கிறது. சீட்டுக்கு அவரிடம் பணம் கேட்கலாமா? (ஊத்தங்கரை)

பதில்: ஆர்.சி. இல்லாமல் ஒன்றரை லட்சம் பக்கமாகக் கொடுத்துவிட்டு சீட்டைப் பற்றிக் கேட்கிறீர்களே! அந்த வண்டி பதிவுப்படி இன்னும் உங்கள் பெயரில் இல்லை. அது யாரையாவது இடித்தால், அடுத்து என்ன நடக்கும் என்று யோசித்தீர்களா? விற்றவர் படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டு 14 நாளுக்குள் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவித்திருக்க வேண்டும், நீங்கள் 30 நாளுக்குள் பெயர் மாற்றியிருக்க வேண்டும். வங்கிக் கடன் இருந்தால் அது தீர்ந்ததைக் காட்டும் படிவம் 35-உம் வேண்டும். பதிவு 15 வருடத்தோடு முடியும், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும், அதைச் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். நாளைக் காலையில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போங்கள். சீட் அப்புறம்.

கேள்வி: புது சீட் வாங்கினேன், போல்ட் துளை பொருந்தவில்லை. கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டேன் என்கிறார். (அரூர்)

பதில்: அளவு எடுக்காமல் வாங்கியிருக்கிறீர்கள், பொருளில் பழுது இல்லை, அவரை நான் குறை சொல்ல மாட்டேன். இடையில் ஒரு தகடு வெட்டி, பழைய துளை புதுத் துளை இரண்டையும் அதில் போட்டு மாட்டலாம்.

ஆனால் உயரத்தையும் பாருங்கள். நான் சில வருடங்களுக்கு முன் எங்கள் வண்டிக்கு மெத்மெத்தென்று ஒரு பெரிய சீட் வாங்கிப் போட்டேன், பழையதை விட நாலு விரற்கடை உயரம். தோப்புக்குள் போனால் பெங்களூரா மாமரத்துக் கிளை முகத்தில் அடித்தது. கால் எட்டாமல் கிளட்சைப் பாதிதான் மிதித்தேன், அந்தப் பருவத்திலேயே கிளட்ச் பிளேட் தேய்ந்துபோனது, சீட்டை விட அதற்குத்தான் அதிகம் செலவானது. நீங்கள் தகடு வைத்து மாட்டியதும் வண்டியை ஸ்டார்ட் செய்யாமல் உட்கார்ந்து, கிளட்சையும் பிரேக்கையும் கடைசி வரை மிதித்துப் பாருங்கள். எட்டவில்லை என்றால் ஓட்டாதீர்கள், பழைய சீட்டையே திரும்ப மாட்டுங்கள்.