ஏரியில் சம்பை எவ்வளவு விட்டுவைப்பது?

கேள்வி: எங்கள் ஊர் ஏரியில் சம்பு என்ற உயரமான நீர்ப்புல் மண்டிவிட்டது. கோடையில் தூர்வாரும்போது முழுவதும் அகற்றிவிட்டு, கரையில் மரக்கன்றுகள் நட இருக்கிறோம். சம்பில் கூடு கட்டும் குருவிகள் மரங்களுக்கு மாறிக்கொள்ளுமா?

பதில்: மாறிக்கொள்ளும் என்று நம்பி வெட்டிவிடாதீர்கள். பனையிலும் கருவேலத்திலும் தொங்குபவை சாதாரணத் தூக்கணாங்குருவியின் கூடுகள். ஓலை நுனியோ கிளை நுனியோ அதற்குப் போதும். உங்கள் சம்பில் கட்டுவது பெரும்பாலும் அதன் உறவான வரித் தூக்கணாங்குருவியாக இருக்கும். மார்பில் அழுத்தமான கருங்கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அருகருகே நிற்கும் பல தாள்களின் நுனிகளை வளைத்துச் சேர்த்துப் பின்னி, அந்தப் பின்னலையே அது கூட்டின் கூரையாக்குகிறது. அதற்குத் தாள்கள் நெருங்கி நிற்க வேண்டும். நுனி வளைய வேண்டும், அடி காற்றுக்குச் சாயாமல் நிற்க வேண்டும். சம்பில் இவை எல்லாமே கூடியிருக்கின்றன. அதன் இலைகள் அடியில் ஒன்றையொன்று உறைபோல் பற்றித் தடித்து நிற்கும், மேலே போகப் போக மெலியும். உங்கள் மரக்கன்றில் இந்த அமைப்பு எங்கே இருக்கிறது?

கதிர்க்குருவிக்கு இவ்வளவு உயரம் வேண்டாம். கரையோரக் கோரையிலும் புல்லிலும் தாழ்வாகப் பின்னிக்கொள்ளும்.

ஆனால் சம்பை அப்படியே விடுவதும் சரியல்ல. ஏரி முழுவதும் அடைத்துவிட்டால், முக்குளிப்பான் என்ற சிறு நீர்ப்பறவைக்கு நீந்தி இரை தேடத் திறந்த நீர் இருக்காது. அதன் மிதக்கும் கூடு அடித்துச் செல்லப்படாமல் இருக்கச் செடிகளும் தேவை, பக்கத்திலேயே வெளியும் தேவை. ஆகவே திட்டுத் திட்டாக விடுங்கள். கரையை ஒட்டிய பட்டையாக விடுவதுதான் பலரும் செய்வது; கீரியும் பூனையும் எளிதில் எட்டும் இடம் அது. நீர் கடைசிவரை நிற்கும் பகுதியில், கரையிலிருந்து விலகி, அகலமான திட்டுகளாக இருக்கட்டும். சுற்றிலும் ஆழமாகத் தோண்டினால் சம்பு எளிதில் பரவாது.

அகற்றும் பகுதியில் தாளை அடியோடு அறுத்துவிடுங்கள். பிறகு நீர் ஏறி அறுத்த கட்டைகளை மூடி நின்றால், தாள்கள் வழியாக, காய்ந்தவை வழியாகக்கூட, இறங்கும் காற்று கிடைக்காமல் கிழங்கு அழுகிவிடும். இதே காரணத்தால், விட்டுவைக்கும் திட்டில் காய்ந்த தாள்களைக்கூட அறுக்காதீர்கள், கொளுத்தவும் வேண்டாம். கூடுகளில் முட்டையோ குஞ்சோ இருந்தால் அந்தப் பகுதி வேலையை முழுவதுமாகத் தள்ளிவையுங்கள்.

மரம் நடுங்கள், நல்லதுதான். திட்டுகளுக்கு அருகில் மட்டும் வேண்டாம், காகங்களுக்கு அது காவல்கோபுரம் ஆகிவிடும். பொக்லைன் இறங்கும் முன்பே திட்டுகளைச் சுற்றிக் கழி நட்டு, ஓட்டுநரிடம் நேரில் காட்டிவிடுங்கள்.