எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ஆனாலும் வலியில் கத்துகிறான்

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு ஆறு வயது, ஆண். மூன்று வாரமாக மாடிப்படி ஏற மறுக்கிறான், இடுப்புப் பக்கம் கை வைத்தால் கத்துகிறான், சாப்பாடும் குறைந்துவிட்டது. காய்ச்சல் இல்லை. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று ஒரு ஊசி போட்டார்கள். மூன்று நாள் துள்ளிக் குதித்தான், அப்புறம் பழையபடிதான். வயதுக் கோளாறா?
- வாசகி, மதுரை

பதில்: ஆறு வயதில் என்னங்க வயதுக் கோளாறு! நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் எனக்கு முதுகெலும்புத் தொற்று மேல்தான் சந்தேகம். டிஸ்கோஸ்பாண்டிலைட்டிஸ் என்போம். சிறுநீர்ப் பாதை, தோல் புண், சொத்தைப் பல் என்று எங்கோ இருக்கும் கிருமி ரத்தத்தோடு வந்து, முதுகெலும்பு டிஸ்க்கிலும் அதை ஒட்டிய எலும்பிலும் குடியேறிவிடும். பெரிய இன ஆண் நாய்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம். காய்ச்சல் இல்லை என்று நிம்மதி அடையாதீர்கள், பாதிக்கு மேற்பட்ட நாய்களுக்கு அது வருவதே இல்லை.

எக்ஸ்ரேயை நம்பி நானும் ஏமாந்திருக்கிறேன். எலும்பு அரிக்கப்பட்டால்தான் படத்தில் தெரியும், அதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்பதால் முதல் படம் சுத்தமாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை. இப்போது மறுபடி எடுங்கள், இடுப்பு மட்டுமல்ல, முதுகெலும்பு முழுக்க, ஏனென்றால் சில நாய்களுக்கு இரண்டு மூன்று இடத்தில் இருக்கும். எம்.ஆர்.ஐ. வசதி இருந்தால் இன்னும் சீக்கிரமே தெரியும்.

போட்டது என்ன ஊசி என்று மருந்துச் சீட்டைப் பாருங்கள். ஸ்டீராய்டு என்றால் இனி வேண்டாம், வலியை மூடிவிட்டுக் கிருமிக்கு வழி விடும். வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலையும் கொடுத்துவிடாதீர்கள்.

ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன் ரத்தமும் சிறுநீரும் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துக் கண்டுபிடிக்கும் சோதனைக்குப் போகட்டும். மருந்து உள்ளே போன பிறகு எடுத்தால் கிருமி சிக்காமல் போகலாம். கூடவே புருசெல்லா என்ற பாக்டீரியா இருக்கிறதா என்ற பரிசோதனையும் கேளுங்கள். அது மனிதருக்கும் தொற்றும், அதனால் முடிவு வரும்வரை அவன் சிறுநீரைக் கையுறை போட்டே துடையுங்கள்.

தொற்றுதான் என்று உறுதியானால், சரியான மருந்தில் ஒரு வாரத்திலேயே வலி குறைந்துவிடும், அங்கேதான் பாதிப் பேர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். குறைந்தது ஆறு முதல் எட்டு வாரம், பல நாய்களுக்கு மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். நடுவில் பின்னங்கால் தள்ளாடினாலோ இழுத்து நடந்தாலோ அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.