கற்பனை உலகக் கதைகளுக்கென்று குறும்பான ஒரு சொந்த இணையதளம் அமைப்பது எப்படி?

பத்து வருடமாக மனதுக்குள் ஓர் உலகம் ஓடிக்கொண்டிருக்கிறது, நிரலாக்கம் தெரியாது, எல்லோருடைய தளம் போலவும் இல்லாமல் கொஞ்சம் விளையாட்டாக ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். இதை ஒருமுறை தப்பாகவும் ஒருமுறை ஓரளவு சரியாகவும் செய்தவன் நான். தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

என் உலகத்தின் பெயர் ஏழுகழி. ஏழு உப்பங்கழிகள், நடுநடுவே படகில் மட்டுமே போகக்கூடிய ஊர்கள். முதல் தடவை தளம் கட்டியபோது கலைக்களஞ்சியம் மாதிரி கட்டினேன். மேலே ஒரு பட்டி: வரலாறு, புவியியல், அரசர்கள், மதங்கள், நாணயங்கள். அரசர் பட்டியலில் மட்டும் 31 பேர். எட்டு மாதம் அதிலேயே போனது. அந்த எட்டு மாதத்தில் ஒரு கதைகூட எழுதவில்லை. நண்பன் ஒருவனிடம் காட்டினேன். பொறுமையாக முழுக்கப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குடா, குரூப் டூ பரீட்சை நோட்ஸ் மாதிரி இருக்கு" என்றான்.

எல்லாவற்றையும் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு இரண்டாம் தடவை ஒரே ஒரு பக்கத்தில் ஆரம்பித்தேன். மூன்றாம் கழியின் படகுத்துறையில் தொங்கும் கட்டணப் பலகை. அவ்வளவுதான் மொத்தத் தளமும்.

ஆள் – அரைக் காசு
ஆடு – ஒரு காசு
தூங்கும் குழந்தை – இலவசம்
விழித்திருக்கும் குழந்தை – பாடினால் இலவசம்
நிழல் – தனிக் கட்டணம்
கடன் சொல்லுபவர் நீந்தலாம்

அரசர் பட்டியலைப் படித்துவிட்டு என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. பலகையைப் பார்த்த நாலு பேரில் மூன்று பேர் "நிழலுக்கு எதற்குக் கட்டணம்?" என்று கேட்டார்கள். அதற்குப் பதில் எழுதப்போய்த்தான் முதல் கதை வந்தது. அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறேன்: தளத்தின் ஒவ்வொரு பக்கமும் அந்த உலகத்துக்குள்ளேயே கிடைக்கக்கூடிய ஒரு பொருளாக இருக்க வேண்டும். கல்யாணப் பத்திரிகை, வைத்தியர் சீட்டு, பக்கத்து வீட்டுச் சேவல்மேல் கொடுத்த புகார் மனு, இப்படி. ஆசிரியராக நான் வந்து விளக்கும் பக்கம் ஒன்றே ஒன்று. தவறான முகவரிக்குப் போனால் வரும் பிழைப் பக்கத்தில்கூட "இந்தத் துறையில் படகு நிற்பதில்லை" என்றுதான் இருக்கும். வேடிக்கை என்றால் பின்னணியில் மின்னும் நட்சத்திரம் என்று நினைத்திருந்தேன். பார்த்தால் அது எழுத்தில்தான் இருக்கிறது.

சரி, எங்கே வைப்பது? என் தேர்வு நியோசிட்டீஸ், சொந்தத் தளங்களுக்கு இடம் கொடுக்கும் ஒரு சேவை. 2013-இல் கைல் டிரேக் தொடங்கியது, இலவசக் கணக்குக்கு 1 ஜிபி இடம். எழுத்தும் கொஞ்சம் படமும் வைப்பவருக்கு அது ஆயுசுக்கும் போதும். சொந்த டொமைன் (உங்களுக்கென்றே ஓர் இணைய முகவரி) இணைக்க வேண்டுமென்றால்தான் காசு. பெயரைப் பார்த்தாலே தெரியும், பழைய ஜியோசிட்டீஸின் வாரிசு. 1994-இல் தொடங்கிய அந்தத் தளத்தில் பக்கங்களை ஊர் மாதிரி பேட்டை பேட்டையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் கதவு எண் கொடுத்திருந்தார்கள். அறிவியல் புனைவும் மாயக் கதையும் எழுதுகிறவர்களுக்கான பேட்டையின் பெயர் ஏரியா 51. 1999-இல் யாஹூ அதை வாங்கியது, 2009 அக்டோபரில் இழுத்து மூடியது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் ஓடி ஓடி நகல் எடுத்ததால் ஒரு பகுதி பிழைத்தது. ஆகவே தளம் எங்கே இருந்தாலும் எல்லாக் கோப்புகளின் நகலும் உங்கள் வன்தட்டில் இருக்கட்டும்.

நிரலாக்கம் பற்றிக் கவலைப்படாதீர்கள். பக்கத்தின் உள்ளடக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் இரண்டு சாயங்கால வேலை, அதன் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் ஒரு மாதம் படுத்தும், அப்புறம் பழகிவிடும். பலகைப் பக்கத்தை நோட்பேடில்தான் எழுதினேன்.

தமிழில் செய்யும்போது வரும் சிக்கல்களைத்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. முதலில், பக்கத்தின் தலையில் யுடிஎஃப்-8 (எழுத்துகளைச் சேமிக்கும் முறையின் பெயர்) என்று குறிக்க மறந்தால் உங்கள் கதை சில உலாவிகளில் புரியாத குறிகளின் குவியலாகத் தெரியலாம். இது சின்ன விஷயம். என்னை மூன்று நாள் அலைக்கழித்தது வேறொன்று. முகப்பில் ஏழுகழி என்ற பெயர் அலைமேல் மிதப்பதுபோல் ஆட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பக்கத்தை அசையவைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் இணையத்தில் கிடைத்த துண்டு ஒன்று ஒவ்வோர் எழுத்தையும் தனித்தனியாகப் பிரித்து ஆட்டுகிறது. ஆங்கிலத்தில் பிரமாதமாக ஆடியது. தமிழில் போட்டதும் ஏ ஒரு பக்கம், ழ ஒரு பக்கம், அதன் உகரக் குறி மட்டும் புள்ளி வட்டம் ஒன்றைச் சுமந்துகொண்டு தனியே, கடைசியில் இகரக் குறியும் அதேபோல். நாம் நான்கு எழுத்து என்று எண்ணுவதைக் கணினி ஆறு குறியீடாக வைத்திருக்கிறது. க, ழ போன்ற அகர உயிர்மெய் தவிர மற்ற உயிர்மெய் என்பது அதற்கு ஓர் எழுத்து இல்லை, ஒட்டிவைத்த இரண்டு. இதற்கு ஜாவாஸ்கிரிப்டிலேயே செக்மென்டர் என்ற கருவி இருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸில் 2024-இல்தான் வந்து சேர்ந்தது. அதை வைத்துப் பிரித்தால் ஏ, ழு, க, ழி என்று ஒழுங்காக நான்கு வரும். க்ஷ மட்டும் க், ஷ என்று இரண்டாகும். என் உலகத்தில் க்ஷ கிடையாது என்று சட்டம் போட்டுவிட்டேன். கடவுளாக இருப்பதில் இப்படிச் சில வசதிகள் உண்டு.

அடுத்தது அகராதி. கற்பனை உலகம் என்றால் சொந்தச் சொற்கள் சேர்ந்துவிடும், அவற்றுக்கு ஒரு பட்டியல் வைப்போம். அதைக் கணினி தன் பாட்டுக்கு வரிசைப்படுத்தினால் அகல் முன்னால் வந்து அக்கரை பின்னால் போகும். எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் முறையான ஒருங்குறியில் புள்ளிக்குக் கொடுத்திருக்கும் எண் எல்லா மெய்களுக்கும் அப்பால் இருப்பதுதான் காரணம். ற-வும் ர-வை ஒட்டிக்கொண்டு நிற்கும். நெடுங்கணக்கு படித்த கண்ணுக்கு இது பல்லில் மாட்டிய நார் மாதிரி. சொற்களை ஒப்பிடும் கட்டளையில் மொழி தமிழ் என்று சொல்லிவிட்டால் போதும், சரியான வரிசைக்கு வந்துவிடும்.

கோப்புப் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழ்ப்பற்றில் படகு என்று பெயர் வைத்தேன். வாட்சப்பில் அனுப்பும்போது அந்த ஒரு சொல் 36 எழுத்து நீளத்துக்கு விழுக்காட்டுக் குறிகளாக விரிந்து, பார்த்தவர்கள் வைரஸ் என்று பயந்தார்கள்.

எழுத்துருவுக்குக் கூகுள் ஃபான்ட்ஸில் தேடுங்கள், எல்லாம் இலவசம். பலகைக்குக் கட்டமரன் போட்டேன், கழி உலகத்துக்குப் பெயரே பொருத்தம். கையெழுத்துக் கடிதங்களுக்குக் கவிவனார். வரி இடைவெளியை எழுத்தளவில் 1.7 மடங்காவது விடுங்கள், இல்லாவிட்டால் மேல் வரியின் கால்களும் கீழ் வரியின் கொம்புகளும் மோதும்.

வரைபடம் கட்டாயம் வைப்பீர்கள், தெரியும். காகிதத்தில் வரைந்து செல்பேசியில் படம் எடுத்தாலே அழகு. ஆனால் 6 எம்பி படத்தை அப்படியே ஏற்றாதீர்கள், சுருக்குங்கள். ஊர்களைத் தொட்டால் பக்கம் திறக்க வேண்டுமென்றால், எச்டிஎம்எல்லில் இருக்கும் பழைய வரைபட வசதியை நம்பாதீர்கள். அது புள்ளிகளைக் கணக்காக அடித்து வைப்பது. செல்பேசியில் படம் சுருங்கும், தொடும் இடங்கள் சுருங்காது. மூன்றாம் கழியைத் தொட்டால் ஐந்தாம் கழி திறந்தது. படத்தை எஸ்விஜி என்ற, கோடுகளால் வரையும் பட வடிவத்துக்குள் வைத்து அதிலேயே இணைப்புகளை வரைந்தால் இரண்டும் சேர்ந்தே சுருங்கும்.

எனக்கு இன்னும் பிடித்தது நேரம் பார்க்கும் பக்கங்கள். ஒரு நாளைக் காலை, நண்பகல், எற்பாடு, மாலை, யாமம், வைகறை என்று நான்கு நான்கு மணியாக ஆறாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் நம் பழைய ஆட்கள். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். குறிஞ்சிக்கு யாமம் அல்லவா, அதனால் மலையடியில் இருக்கும் ஏழாம் கழியின் பக்கம் இரவு பத்திலிருந்து இரண்டு வரை மட்டும் திறக்கும். நாலு வரி ஜாவாஸ்கிரிப்ட்தான். வாசகர் எந்த நாட்டில் இருந்தாலும் அவருடைய கருவியின் கடிகாரத்தைப் பார்க்கும், டொராண்டோவில் இருப்பவருக்கு அவருடைய யாமம். ஒன்பது மணிக்குத் தூங்கிவிடும் என் பெரியப்பா சண்டைக்கு வந்தார். "ஏன்டா, எனக்கு மட்டும் அந்த ஊரு கிடையாதா?" வாசலில் ஒரு காவல்காரனை வரைந்து, அவன் கையில் இருக்கும் விளக்கை மூன்று தடவை தட்டினால் கதவு திறக்கும்படி மாற்றினேன். லஞ்சம் என்று அந்த உலகத்தில் யாரும் சொல்வதில்லை, எண்ணெய்க் காசு என்பார்கள்.

பார்வையாளர் குறிப்பேடு ஒன்றும் வையுங்கள். கோப்புகளை அப்படியே காட்ட மட்டும் தெரிந்த இப்படிப்பட்ட தளத்தில் அது தானாக இயங்காது. நான் ஒரு கூகுள் படிவத்தை இணைத்துவிட்டு, வருவதைக் கையால் எடுத்து ஒட்டுகிறேன். மாதத்துக்கு நாலைந்து வரும். போன மாதம் ஒருவர் எழுதியிருந்தார்: "உச்சி வெயிலில் என் நிழல் காலடியிலேயே கிடக்கிறது. அதற்கும் காசா?" படகுக்காரர் குரலில் பதில் போட்டுவிட்டுப் பலகையைத் திருத்தினேன். இப்போது பகல் பத்திலிருந்து இரண்டுக்குள் போனால் நிழல் என்ற வரியின்மேல் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கும்.